கேபிளைக் கழற்றி ஹைட்ராலிக் மாட்டியது

கேபிளைக் கழற்றிவிட்டு, எண்ணெயைத் தள்ளி எஞ்சினைத் திருப்பும் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கை மாட்டியிருக்கிறேன். அதன் சில்லை இரண்டு விரலால் திருப்புவதைப் பார்க்கிறவர்கள் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள். புதுக் கேபிள் செட் நாலைந்து வாங்கும் காசு என்று சொல்லிவிட்டு, நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: "எஞ்சினை முழுக்கத் தூக்கி, ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பினால், அதற்கு முன்னால் எத்தனை அங்குலம் இடம் மிஞ்சும்?" பெரும்பாலும் பதில் வராது. இந்த வேலையின் பாதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. மற்றப் பாதி எண்ணெய்க்குள் மாட்டிக்கொள்ளும் காற்று. இரண்டையும் கவனித்துக்கொண்டால், கொழும்பிலிருந்து ஆள் அழைக்காமல் இரண்டு பேர் சேர்ந்து முடிக்கக்கூடிய வேலை இது.

என்னுடையது 23 அடிக் கண்ணாடியிழைப் படகு. பின்பலகைக்கு வெளியே தொங்கும் 75 குதிரைவலு அவுட்போர்ட் எஞ்சின். யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம், ஊர்காவற்றுறையில் நிற்கிறது. எழுவைதீவு, அனலைதீவு, நயினாதீவு, சில வேளை நெடுந்தீவு என்று வாடகை ஓட்டம். நமது கரைகளில் மீன்பிடிக்கப் போகும் 18 அடிப் படகுகளுக்கு ஸ்டியரிங் சில்லே கிடையாது. ஓட்டி பின்னால் உட்கார்ந்து எஞ்சினின் கைப்பிடியைப் பிடித்தே திருப்புவார். பெரிய பயணிகள் படகுகளில் உள்ளே பொருத்திய டீசல் எஞ்சினும் தனிச் சுக்கானும் இருக்கும். அது வேறு வகை வேலை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் என்னுடையது போன்ற படகுகள் இங்கே குறைவு. ஆகவே இந்த வேலை தெரிந்த மெக்கானிக்குகளும் குறைவு. நானும் மருமகனும் நாமே செய்ததற்குக் காரணம் அதுதான், வீரம் இல்லை.

மாற்ற வேண்டும் என்று நினைக்க வைத்தது சோளகக் காற்று. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கிற அந்தக் காற்றில் நெடுந்தீவுக்குப் போகும்போது அலை முகத்தில், திரும்பி வரும்போது முதுகில். அலையை முதுகில் வாங்கிக்கொண்டு வருவதுதான் கைக்கு வேலை. ஒவ்வோர் அலையும் படகின் பின்பக்கத்தைப் பிடித்து ஒரு பக்கம் தள்ளும். நாம் மறுபக்கம் திருப்ப வேண்டும். அதற்குள் அடுத்தது வந்துவிடும். கேபிள் ஸ்டியரிங்கில் அந்த அடியெல்லாம் சில்லு வழியாகக் கைக்கே வருகிறது. அதோடு புரொப்பெல்லர் சுழலும் திசையின் இழுவையும் சேர்ந்துகொள்கிறது. வலஞ்சுழி புரொப்பெல்லர் என்றால் சில்லு ஓயாமல் வலப்பக்கம் இழுக்கும். குறிகட்டுவான் துறை தெரியும்போது என் இடது மணிக்கட்டு என்னுடையதாக இருக்காது. ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் ஓட்டமும் அதிகம், காற்றும் அதிகம்.

ஆனால் கனக்கிறது என்றவுடன் ஹைட்ராலிக் வாங்கப் புறப்பட வேண்டாம். காசில்லாமல் செய்யக்கூடிய இரண்டு பரிசோதனைகள் இருக்கின்றன. கேபிளின் நுனியையும் எஞ்சினையும் இணைக்கும் கோலைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் இடம் வலம் திருப்பிப் பாருங்கள். எஞ்சின் இலகுவாகத் திரும்பினால் பழுது கேபிளில். எஞ்சினே கனத்தால் அதன் செங்குத்து அச்சில் கிறீஸ் காய்ந்துவிட்டது. கிறீஸ் நிப்பிளில் புதிதாக அடித்து, பழையது வெளியே பிதுங்கி வரும்வரை விட வேண்டும். இதைச் சரிசெய்யாமல் ஹைட்ராலிக் மாட்டினால் நோய் இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தள்ளும் பலம் மட்டும் கூடும்.

இரண்டாவது, புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தகட்டின் அடியில் மீன் செட்டை போலத் தொங்கும் சிறு துண்டு. ஒரு போல்ட்டைத் தளர்த்தினால் அது திரும்பும். சில்லு வலப்பக்கம் இழுத்தால் அதன் பின்நுனியை வலப்பக்கம் சற்றுத் திருப்பி இறுக்குங்கள். இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஓட்டிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பலருடைய கைவலி இந்தத் துண்டோடு தீர்ந்துவிடுகிறது. என்னுடையதில் பாதி தீர்ந்தது.

மீதி கேபிளில் இருந்தது. கேபிள் என்பது ஓர் உறைக்குள் ஓடும் எஃகுக் கம்பி. சில்லைத் திருப்பும்போது பல்சக்கரம் அதைத் தள்ளும், இழுக்கும். அதன் மறுமுனையில் ஒரு கோல், எஞ்சினைத் தூக்கி இறக்கும் அச்சுக் குழாய்க்குள் ஓடுகிறது. உப்புத் தண்ணீர் முதலில் போய்க் குடியேறுவது அந்தக் குழாய்க்குள்தான். அங்கே கிறீஸ் இறுகி உப்போடு சேர்ந்து களியாகிவிட்டால் சில்லு கல்லாகிவிடும். உறைக்குள்ளேயும் துரு ஏறியிருந்தால் கிறீஸ் வைத்துப் பிழைக்க வழியில்லை. கேபிளை மாற்றியே ஆக வேண்டும். எப்படியும் மாற்றப் போகிறோம் என்ற இடத்தில்தான் ஹைட்ராலிக் பற்றிய கணக்கு நியாயமாகிறது. சும்மா இருக்கும் நல்ல கேபிளைக் கழற்றி எறிவது எனக்கு உடன்பாடில்லாத காரியம்.

ஹைட்ராலிக்கில் கம்பி இல்லை. சில்லுக்குப் பின்னால் ஒரு சின்னப் பம்ப். எஞ்சினில் ஒரு சிலிண்டர். இரண்டையும் இணைக்க இரண்டு ஹோஸ். சில்லைத் திருப்பினால் பம்ப் ஒரு ஹோஸ் வழியாக எண்ணெயைத் தள்ளும். மற்றதன் வழியாக எண்ணெய் திரும்பி வரும். பம்புக்குள் இருக்கும் வால்வுகள் எண்ணெயை அங்கேயே பூட்டி வைத்துவிடுவதால், அலையோ புரொப்பெல்லரோ எஞ்சினைத் தள்ளினாலும் அந்தத் தள்ளல் சில்லுவரை வராது. இது கார்களில் உள்ள பவர் ஸ்டியரிங் அல்ல. மின்சாரமும் வேண்டாம், எஞ்சின் ஓடவும் வேண்டாம். எஞ்சின் நின்றாலும் சில்லு திரும்பும்.

செட் வாங்கும்போது பார்க்க வேண்டியவை: உங்கள் எஞ்சினின் குதிரைவலுவை அது தாங்குமா, உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தும் சிலிண்டரா, படகு ஹைட்ராலிக் ஸ்டியரிங்குக்கான ஐ.எஸ்.ஓ. 10592 தரக்குறிப்பு இருக்கிறதா. இன்னொன்று, ஓரத்திலிருந்து ஓரத்துக்குச் சில்லை எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பது. சிலிண்டரின் கொள்ளளவை, பம்ப் ஒரு சுற்றில் தள்ளும் அளவால் வகுத்தால் கிடைக்கும். சிலிண்டர் 140 சிசி, பம்ப் 28 சிசி என்றால் 5 சுற்று. பெரிய பம்ப் போட்டால் சுற்றுக் குறையும், கை கனக்கும். சிறிய பம்ப் என்றால் குழந்தையும் திருப்பும், ஆனால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குறிகட்டுவானில் திருவிழா நாளில் நாலு படகுக்கு நடுவில் மூக்கை நுழைத்தவர்களுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

2022 இல் ஒரு டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறிய நாட்களில் இந்த யோசனையைத் தூக்கிப் பரணில் போட்டிருந்தேன். பிறகு கனடாவிலிருந்து வந்த மச்சான் செட்டைப் பெட்டியோடு கொண்டுவந்தார். எண்ணெயை இங்கேயே வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தேன். அதுதான் அலைச்சல். கையேட்டில் கேட்டிருந்தது ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 15 என்ற மெல்லிய ஹைட்ராலிக் எண்ணெய். யாழ்ப்பாணத்துக் கடைகளில் உழவு இயந்திரத்துக்கும் பெக்கோவுக்கும் ஊற்றும் 46, 68 எண்ணெய்கள்தான் தாராளமாகக் கிடைக்கின்றன. "எல்லாம் ஹைட்ராலிக் எண்ணெய்தானே ஐயா" என்று ஒரு கடைக்காரர் 68 ஐ எடுத்து மேசையில் வைத்தார். இல்லை. அந்தத் தடிப்பான எண்ணெயை ஊற்றினால் கேபிளின் கனத்தைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கியதாகிவிடும். பிரேக் எண்ணெய் அதைவிட மோசம். உள்ளே இருக்கும் றப்பர் சீல்களைக் கெடுத்துவிடும். 15 கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தது. ஒற்றை எஞ்சினுக்கு இரண்டு லிட்டர் போதும். காற்றெடுக்கும்போது வீணாவதற்கு மூன்றாவது லிட்டர் ஒன்று வேண்டும்.

இனி அந்த அங்குலக் கதை. சிலிண்டர் எஞ்சினுக்கு முன்னால், பின்பலகைக்குப் பக்கத்தில் குறுக்காக உட்காரும். எஞ்சினைத் தூக்கினால் சிலிண்டரும் அதோடு சேர்ந்து முன்பக்கமாகக் கீழே சாயும். ஆழ்கடலில் ஓடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. எஞ்சினை அவர்கள் கரையில்தான் தூக்குவார்கள். நமக்கு அப்படியா? தீவுகளைச் சுற்றிப் பல இடங்களில் தண்ணீர் முழங்காலளவு. அரைவாசி தூக்கிய எஞ்சினோடு, திருப்பித் திருப்பித்தான் ஊர்ந்து வருகிறோம். ஆகவே தூக்கிய நிலையிலும் இரு பக்கமும் முழுத் திருப்பம் கிடைக்க வேண்டும். செட் வருவதற்கு முன்பே, கையேட்டில் இருந்த அளவுக்கு ஒரு பி.வி.சி. குழாயை வெட்டி, சிலிண்டர் வரும் இடத்தில் கட்டி, எஞ்சினை இறக்கி, பாதி தூக்கி, முழுக்கத் தூக்கி, ஒவ்வொன்றிலும் இரு ஓரமும் திருப்பிப் பார்த்தோம். பெற்றோல் குழாய் நசுங்கும் இடம் ஒன்று அப்போதே தெரிந்தது. அதை நகர்த்திக் கட்டினோம். ஹோஸின் நீளத்தையும் இப்படித்தான் எடுக்க வேண்டும்: அளவு நாடாவை நேராக இழுக்காமல், ஹோஸ் போகப் போகிற வழியிலேயே ஒரு கயிற்றை விட்டு, எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் இறுகாத அளவுக்குத் தளர்வு வைத்து, பிறகு கயிற்றை அளக்க வேண்டும்.

பழையதைக் கழற்றுவது பொறுமைக்கான வேலை. கோல் அச்சுக் குழாய்க்குள் இறுகியிருந்தது. துரு இளக்கும் எண்ணெயை இரு பக்கமும் விட்டு, ஓரிரவு ஊறவிட்டு, செப்புத் துண்டு ஒன்றை இடையில் வைத்துத் தட்டினோம். வெளியே வந்த கோலில் மஞ்சளும் வெள்ளையுமாக இறுகிப்போன களி. குழாயைக் கம்பித் தூரிகையால் பளபளக்கும்வரை தேய்த்து, உள்ளே குழி விழுந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்து, படகுக்கான கிறீஸ் பூசிய பிறகே புதுக் கோலைச் செலுத்த வேண்டும். ஸ்டியரிங் சில்லைச் சுத்தியலால் அடித்துக் கழற்றாதீர்கள். புள்ளர் என்ற இழுகருவியைப் போட்டு இழுங்கள். முக்கால் அங்குலக் கூம்பு அச்சு பெரும்பாலான செட்டுகளுக்குப் பொது என்பதால் பழைய சில்லே புதுப் பம்பில் உட்கார்ந்துகொண்டது.

பம்புக்கு, சில்லு நிற்கும் பலகையில் பழையதைவிடப் பெரிய துளை வேண்டியிருந்தது. ஒட்டு ரேப்பை ஒட்டி, அதன் மேல் வட்டத்தைக் கீறி, துளைவாளை முதலில் பின்சுழற்சியில் ஓட்டி மேற்பூச்சில் கோடு விழுந்த பிறகு முன்சுழற்சியில் வெட்டினால் ஓரம் சிதறாது. ஃபைபருக்குள் ஒட்டுப்பலகை இருந்தால் வெட்டிய ஓரத்துக்கு ரெசின் பூசியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் உறிஞ்சி ஒன்றிரண்டு மாரிக்குள் உக்கிவிடும். முகமூடி போடுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள். அந்தத் தூசு உடம்பில் பட்டால் இரவு நித்திரை கிடையாது.

மருமகன் தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறவன். இணைப்புகளைக் கண்டதும் அவன் கை தானாகவே வெள்ளை ரேப்பைத் தேடியது.

"சுற்றாதே. கையேட்டில் வேண்டாம் என்று போட்டிருக்கிறது."

"ரேப் சுற்றாமல் எந்தக் குழாய் மாமா ஒழுகாமல் இருந்திருக்கிறது?"

"இது ஒழுகாது. நீ சுற்றினால் அதன் நார் போய் வால்வுக்குள் உட்காரும். பிறகு சில்லு பிடிக்காது."

அவன் முகத்தில் நம்பிக்கை இல்லை. ரேப்புக்குப் பதிலாகத் திரவ சீலன்ட் கேட்கும் இணைப்புகளுக்கு அதையும், ஒன்றும் கேட்காதவற்றுக்கு ஒன்றுமில்லாமலும் இறுக்கினோம். இந்த அமைப்புக்குத் தூசுதான் எமன். சோளகத்தில் கரையில் மணல் பறக்கும். ஒரு மணல் துணிக்கை றப்பர் சீல்களைக் கீறப் போதும். நாங்கள் படகை வாடியின் உட்பக்கம் இழுத்து வைத்து, ஹோஸ் முனைகளின் மூடிகளை மாட்டும் கணம்வரை கழற்றாமல் வைத்திருந்தோம். ஹோஸ்கள் சிலிண்டரிலிருந்து பம்ப் வரை சீராக ஏறிப் போக வேண்டும். நடுவில் மேடு விழுந்தால் அங்கே காற்று ஒளிந்துகொள்ளும். ஹோஸ் கூடுதலாக இருந்தால் சுருளைப் படுக்கையாக வையுங்கள், நிற்க வைக்காதீர்கள். நைலோன் நட்டுகளை ஒருமுறை கழற்றினால் மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டைக் கிறீஸ் இல்லாமல் ஏற்றினால் பாதியில் கடித்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

லொறிக்கோ ஓட்டோவுக்கோ பிரேக்கில் காற்றெடுத்துப் பழகியவர்களுக்கு அடுத்த கட்டம் புதிதல்ல. எண்ணெய்ப் போத்தலைத் தெளிவான குழாய் ஒன்றோடு பம்பின் வாயில் கவிழ்த்து, போத்தலின் அடியில் துளையிட்டோம். பம்ப்தான் எல்லாவற்றுக்கும் உயரமான இடம் என்பதால் காற்று அங்கே ஏறி வரும். பம்ப் நிறைந்து குமிழ் நின்ற பிறகு சில்லைத் திருப்பி, சிலிண்டரை ஓர் ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். இப்போது எண்ணெய் எந்தப் பக்கத்துக்குப் போகிறதோ சிலிண்டரில் அந்தப் பக்கம் இருக்கும் காற்றெடுக்கும் நிப்பிளைத் திறந்துவிட்டு, சிலிண்டர் நகராமல் ஒருவர் இறுகப் பிடித்திருக்க வேண்டும். நிப்பிளிலிருந்து குமிழில்லாமல் எண்ணெய் வரும்வரை சுற்றி, சுற்றிக்கொண்டே நிப்பிளை மூட வேண்டும். அதேபோல மறுபக்கம். தனியாகச் செய்ய முடியாதது இந்த ஒரு கட்டம்தான்.

நான் சில்லில், மருமகன் பின்னால், நிப்பிளில் மாட்டிய குழாயை ஒரு பழைய நெல்லிக்கிரஷ் போத்தலுக்குள் விட்டுப் படுத்திருந்தான். முதலில் வந்தது எண்ணெய் அல்ல, நுரை. பிறகு பெரிய குமிழ்கள், பிறகு கடுகளவில் வரிசையாக. "நின்றுவிட்டது மாமா" என்பான். மூடப் போகும்போது இன்னும் ஒரு சரம் வரும். இங்கே அவசரப்படக் கூடாது. அதைவிட முக்கியம், கவிழ்த்த போத்தல் ஒரு கணமும் காலியாகக் கூடாது; காலியானால் பம்ப் மறுபடி காற்றைக் குடிக்கும், எல்லாம் முதலிலிருந்து. வெளியே வந்த நுரை எண்ணெயை உடனே திரும்ப ஊற்றாதீர்கள். அடங்கவிட்டு வடிகட்டியாவது ஊற்றுங்கள். கடலில் ஒரு துளியும் விடாதீர்கள்.

காற்று போய்விட்டதா என்று அறிய ஒரு வழி: சில்லை ஓரத்துக்குத் திருப்பி, அதற்கு மேலும் அழுத்துங்கள். சுவரில் முட்டியது போல நின்றால் சரி. மெத்தையில் அழுத்துவது போல இருந்தால், அல்லது அழுத்தும்போது பம்புக்குள் எண்ணெய் மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கினால், காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. எண்ணெய் சுருங்காது, காற்றுத்தான் சுருங்கும். ஓரிரவு விட்டு மறுநாள் இன்னொரு முறை எடுப்பது நல்லது. சிறு குமிழ்கள் அதற்குள் ஏறி வந்திருக்கும். எண்ணெயை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். நம் வெயிலில் அது விரியும், வழிந்து பலகையெல்லாம் ஓடும். சில்லை வலமாகத் திருப்பப் படகு இடமாகத் திரும்பினால் பதறத் தேவையில்லை, ஹோஸ் இரண்டையும் இடம் மாற்றிக் காற்றெடுத்தால் போதும்.

கடலில் முதலில் தெரிந்தது அமைதி. நெடுந்தீவிலிருந்து வரும்போது சில்லை விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க முடிந்தது. குடிக்கலாம் என்பதற்காக எல்லோரும் குடிக்க வேண்டும் என்பதில்லை. நெருடலாக இருந்தது, எஞ்சின் எந்தப் பக்கம் நிற்கிறது என்று கைக்குத் தெரியாமல் போனது. கேபிள் இருந்தபோது சில்லின் ஆரத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தேன். நூல் மேலே வந்தால் எஞ்சின் நேரே. ஹைட்ராலிக்கில் அந்த நூலுக்கு வேலையில்லை. வால்வுகளில் எண்ணெய் சிறிது நழுவுவதால் நேர்நிலை மெல்ல மெல்ல இடம் மாறும். இது பழுதல்ல, இயல்பு. துறையில் கயிற்றை அவிழ்க்குமுன் திரும்பி எஞ்சினைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கியரைப் போடும் பழக்கம் வேண்டும். மருமகன் இன்னும் குறை சொல்கிறான், கேபிளில் கடல் கைக்குத் தெரிந்தது, இதில் தெரியவில்லை என்று. அவனுக்கு மணிக்கட்டு இன்னும் வலிக்கத் தொடங்கவில்லை.

பராமரிப்பு கொஞ்சம்தான். சிலிண்டர் கோலை ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்க வேண்டும். தீவுக் கிணறுகளின் சவர்த் தண்ணீர் வேண்டாம். நம் சுண்ணாம்புத் தண்ணீர் காய்ந்தால் கோலில் வெள்ளைப் படலம் கட்டும், அது றப்பர் சீல்களை அராவும். மாரியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லதில்லை. கோலில் எண்ணெய் கசிகிறதா, சில்லின் அச்சடியில் ஈரம் இருக்கிறதா, நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கேபிள் கனத்துக் கனத்து மாதக் கணக்கில் எச்சரித்துவிட்டுத்தான் பெரும்பாலும் சாகும். ஹோஸ் வெடித்தால் அந்த அவகாசம் இல்லை. சில்லு வெறுமனே சுற்றும். அப்போது சிலிண்டரையும் எஞ்சினையும் இணைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சினின் திருப்புக் கையில் ஒரு இரும்புக் குழாயைச் செருகிக் கட்டி, வேகத்தைக் குறைத்து, பழைய ஓட்டிகளைப் போலப் பின்னால் உட்கார்ந்து வர வேண்டியதுதான். இதைக் கரையில் ஒருமுறை செய்து பார்த்தோம். அந்தப் போல்ட்டுக்கு வேண்டிய இரண்டு சாவிகளும் குழாயும் ஒரு லிட்டர் எண்ணெயும் பின்பக்கப் பெட்டியில் தனிப் பையில் இருக்கின்றன. பைக்கு வெளியே அந்தச் சாவிகளை யார் எடுத்தாலும், நானே எடுத்தாலும், மருமகன் சண்டைக்கு வருவான்.